35 நிமிடத்துக்கு எதை வாசிப்பது: பியானோ டிப்ளமா ரெசிட்டலுக்கு நான்கு நிரல்கள்

பரோக்கில் ஒன்று, கிளாசிக்கலில் ஒன்று, ரொமான்டிக்கில் ஒன்று, இருபதாம் நூற்றாண்டிலிருந்து ஒன்று. டிப்ளமா ரெசிட்டலுக்கு (தேர்வாளர் முன் தனியாக வாசிக்கும் கச்சேரிக்கு) நிரல் போட உட்காரும் பெரும்பாலோர் முதலில் எழுதுவது இந்தக் கணக்கைத்தான். டிப்ளமாவுக்கு முந்தைய படியான கிரேடு 8 வரை இது செல்லுபடியாகும். டிப்ளமாவில் இதை மட்டும் நம்பினால் சமநிலை காகிதத்தில் இருக்கும், காதில் இருக்காது. மோட்சார்ட்டின் ஒரு மெதுவான மூவ்மென்ட், ஷோபானின் ஓபஸ் 27 எண் 2 நொக்டர்ன், டெபுசியின் ‘கிளேர் டி லூன்’ என்று அடுக்கிப் பாருங்கள். காலகட்டம் மூன்று. ஆனால் மூன்றிலும் மேலே பாட்டு, கீழே துணை. பின்னிரண்டும் ஒரே டி ஃபிளாட் மேஜர். கால் மணி நேரம் வாசித்து, உங்களிடம் ஒரே ஒரு வித்தைதான் இருக்கிறது என்று நீங்களே காட்டிக்கொடுத்துவிடுகிறீர்கள்.

ஆகவே ஆண்டுகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது கை என்ன வேலை செய்கிறது, காது எதைத் தொடர்ந்து போகிறது என்பதை. தனித்தனிக் குரல்களைப் பிரித்துக் காட்டும் இடம் எங்கே? பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே கட்டுமானத்தைத் தாங்கிப் பிடிக்கும் இடம் எங்கே? பெடலால் நிறம் கலக்கும் இடம், தாளம் மட்டுமே ஓட்டும் இடம், மிக மெல்லிய ஒலியில் நீண்ட நேரம் நிற்கும் இடம் எல்லாம் இருக்கின்றனவா? கூடவே, முன்கை களைத்துப்போகும் பகுதிகள் ஒன்றையடுத்து ஒன்று வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

நேர வரம்பு தேர்வு வாரியத்துக்கு வாரியம் மாறும். பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் ஏ.ஆர்.எஸ்.எம். டிப்ளமாவுக்கு 30 நிமிட நிரல். அதில் குறைந்தது 20 நிமிடம் அவர்கள் பட்டியலிலிருந்து வர வேண்டும், மீதியை கிரேடு 8 அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தில் நாமே தேர்ந்தெடுக்கலாம். சைட் ரீடிங் (புதுப் பிரதியைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது), வாய்மொழித் தேர்வு கிடையாது. டிரினிட்டி காலேஜ் லண்டனின் ஏ.டி.சி.எல். ரெசிட்டலுக்கு 32 முதல் 38 நிமிடம், எல்.டி.சி.எல். 37 முதல் 43, எஃப்.டி.சி.எல். 42 முதல் 48. பட்டியல்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. அதனால் கீழே சொல்லும் எந்த உருப்படியையும் எடுப்பதற்கு முன் உங்கள் தேர்வின் நடப்புப் பட்டியலில் அது இருக்கிறதா, முழுதாக வாசிக்க வேண்டுமா, சில மூவ்மென்ட் போதுமா என்று பார்த்துவிடுங்கள். ஒப்பிட வசதியாக நான்கு நிரல்களையும் 32–38 நிமிட வரம்புக்கே அமைத்திருக்கிறோம். நேரங்கள் அனைத்தும் சுமார்தான்.

முதல் நிரல்: காலகட்டத்துக்கு ஒன்று

பாக், டி மேஜர் ப்ரெல்யூட் அண்ட் ஃபியூக், பி.டபிள்யூ.வி. (பாக் படைப்புப் பட்டியல் எண்) 850 (மூன்றரை நிமிடம்). பீத்தோவன், சி மைனர் சொனாட்டா ஓபஸ் 13, ‘பத்தேதிக்’ (பதினெட்டரை). ஷோபான், நொக்டர்ன் ஓபஸ் 27 எண் 2 (ஆறு). ஹினாஸ்டெரா, ‘டான்சாஸ் அர்ஹென்தினாஸ்’ ஓபஸ் 2 (ஏழரை). கூட்டினால் முப்பத்தைந்தரை, இடைவெளிகளோடு 37.

பழைய கணக்குப்படி போட்டதுதான், ஆனாலும் மோசமான நிரல் இல்லை. நான்கும் உண்மையிலேயே நான்கு விதமாக ஒலிக்கின்றன. பிரச்சினை தொடக்கத்தில் இருக்கிறது. டி மேஜர் ப்ரெல்யூடில் வலக்கைக்கு ஓய்வே இல்லாத செமிக்வேவர்கள் (மிகக் குறுகிய வேக நோட்டுகள்). சூடேறாத விரல், பழகாத கீபோர்டு, முதல் நிமிடப் படபடப்பு மூன்றும் சேர்ந்தால் ஓட்டம் சீராக இராது. ஒரு நோட்டு விழுந்தாலும் மறைக்க அங்கே வேறு ஒலி இல்லை. இன்னொரு குறை: ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்து எடுத்துப் பின்னும் வடிவம் ஃபியூக்; இந்த ஃபியூக்கில் பிரெஞ்சு ஓவர்ச்சர் பாணியில் புள்ளித் தாளமும் கனத்த கார்டுகளும் வருகின்றன. கேட்க கம்பீரம்தான். ஆனால் குரல்களைப் பின்னிக் காட்டும் திறமைக்கு இது வலுவான சாட்சி ஆகாது.

அதற்காக சி மைனர் 847-ஐ எடுத்தால் அடுத்து வரும் பீத்தோவனும் சி மைனர்; 22 நிமிடம் பெரும்பாலும் அதே ஸ்வர வீட்டில் கழியும். ஜி மைனர் 861 நல்ல மாற்று. நீளம் ஏறக்குறைய அதேதான், ஃபியூக்குக்கு நான்கு குரல், ப்ரெல்யூடின் வேகமும் நிதானம். அது நீண்ட ட்ரில்லோடு (அடுத்தடுத்த இரண்டு நோட்டை வேகமாக மாற்றி மாற்றி அடிப்பது) தொடங்குகிறது என்று பயப்பட வேண்டாம். விரல் நடுக்கத்தை மறைக்க ட்ரில்லை விட நல்ல இடம் கிடையாது.

‘பத்தேதிக்’கை எடுப்பவர்கள் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒன்று, முதல் மூவ்மென்டின் ரிப்பீட். வேகமான அலெக்ரோவின் தொடக்கத்துக்குத் திரும்புவதா, அதற்கு முன்வரும் மெதுவான முன்னுரையான கிராவேயிலிருந்தே மறுபடி வாசிப்பதா என்பதில் பியானோ கலைஞர்களிடையே இன்றும் இரண்டு கட்சி உண்டு. கிராவேக்குத் திரும்பினால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கூடும், இந்த நிரலில் அதற்கு இடமில்லை. ரிப்பீட்டை முழுதாக விட்டால் இரண்டு நிமிடம் வரை மிச்சம். இரண்டாவது, இடக்கை ஆக்டேவ் ட்ரெமலோ (ஓர் ஆக்டேவின் இரண்டு நோட்டையும் மாற்றி மாற்றி வேகமாக அடிப்பது). மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு விரலால் அடித்தால் இரண்டாம் பக்கத்திலேயே முன்கை கல்லாகிவிடும். முன்கையைச் சுழற்றி வாசிக்க வேண்டும், கட்டை விரல் பக்கத்தை மெல்லியதாக வைக்க வேண்டும். இது சரிப்படாதவர் இந்த நிரலைத் தொடவே கூடாது. ஏனென்றால் கடைசியில் காத்திருப்பது ஹினாஸ்டெராவின் மூன்றாம் நடனம், அதுவும் முன்கையைத்தான் கேட்கிறது.

சின்ன வயதில் கற்ற ‘பத்தேதிக்’கைத் தூசி தட்டி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய விரல் எண்களும் பழைய தவறுகளும் சேர்ந்தேதான் திரும்பி வரும். புதிய பிரதியில், எண்களே எழுதாத பக்கத்தில் தொடங்குங்கள். எல்லோரும் வாசிக்கும் உருப்படி என்பதால் மதிப்பெண் குறையும் என்ற பயம் மட்டும் வேண்டாம்.

இரண்டாம் நிரல்: ஒரு பெரிய தூண்

பீத்தோவன், டி மைனர் சொனாட்டா ஓபஸ் 31 எண் 2 (24 நிமிடம்). பிராம்ஸ், இன்டர்மெட்ஸோ ஏ மேஜர், ஓபஸ் 118 எண் 2 (ஆறு). பார்டோக், ‘ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்’ (ஐந்து). மொத்தம் 35.

நிரலில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே படைப்பு. அது நன்றாகப் போனால் இந்த நிரலுக்கு ஈடில்லை; 24 நிமிடம் ஒரு கட்டுமானத்தைத் தாங்கியவரைப் பற்றித் தேர்வாளருக்குச் சந்தேகம் எதுவும் மிஞ்சாது. போகாவிட்டால் ஈடுகட்ட பதினொரு நிமிடம்தான் இருக்கிறது.

எங்கே போகாமல் போகும்? முதல் மூவ்மென்டில் பேச்சு போல ஒலிக்கும் ரெசிட்டேட்டிவ் பகுதிக்கு பீத்தோவனே நீண்ட பெடல் குறித்திருக்கிறார். அவர் காலத்துப் பியானோவில் ஒலி சீக்கிரம் மங்கும். இன்றைய கான்சர்ட் கிராண்டில் அதே பெடலை முழுதாக மிதித்தால் சேறு. பாதிப் பெடல், அல்லது அடியிலிருக்கும் கார்டு மட்டும் மிஞ்சும்படி மெல்ல அசைத்துத் தெளியவைப்பது. இதைத் தேர்வு அறையில் கண்டுபிடிக்க முடியாது. குறைந்தது மூன்று வேறு பியானோக்களில் முன்கூட்டியே முயன்றிருக்க வேண்டும். கடைசி மூவ்மென்டோ நிற்காத செமிக்வேவர். அதில் பெரும்பாலோர் கெடுவது தொடக்க வேகத்தில். குறிப்பு அலெக்ரெட்டோதான் (மிதவேகம்), பிரெஸ்டோ (மிக வேகம்) இல்லை. முதல் நான்கு பார்களைச் சுகமாக வாசிக்கும் வேகம், நடுவில் இரண்டு கையும் பதறும் இடத்தில் காலை வாரும். நடுவிலுள்ள மிகக் கடினமான எட்டு பார்களின் வேகத்தை மெட்ரோனோமில் குறித்துக்கொண்டு அதையே தொடக்க வேகமாக எடுங்கள்.

இந்த நிரலின் பலவீனம் பீத்தோவனில் இல்லை, பார்டோக்கில் இருக்கிறது. அந்த ஆறு நடனங்கள் அழகானவை. ஆனால் அவற்றில் பலவும் டிப்ளமாத் தரத்துக்குக் கீழேதான் நிற்கின்றன. சொந்தத் தெரிவாகப் போட்டால் தரம் போதாது என்று நிரலே திரும்பி வரலாம். ஏற்றுக்கொண்டாலும் பெரிய சொனாட்டாவுக்குப் பிறகு ஒரு என்கோர் போல ஒலிக்கும். கெர்ஷ்வினின் 1926-ஆம் ஆண்டு ‘மூன்று ப்ரெல்யூட்கள்’ (ஆறரை நிமிடம்) அந்த இடத்தில் நன்றாக உட்காரும். இதுவரை நிரலில் இல்லாத சிங்கோபேஷன் (எதிர்பாராத இடத்தில் அழுத்தம் விழும் தாளம்) கிடைக்கிறது, நடு ப்ரெல்யூட் ஒரு மூச்சு விடவும் இடம் தருகிறது. மொத்தம் முப்பத்தாறரை ஆவதால் பீத்தோவன் முதல் மூவ்மென்டின் ரிப்பீட்டை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் நிரல்: சின்னச் சின்னதாக

ஸ்கார்லாட்டி, பி மைனர் கே. 27, டி மைனர் கே. 141 (எட்டு). ஷூபர்ட், இம்ப்ராம்ட்டு ஜி ஃபிளாட் மேஜர், ஓபஸ் 90 எண் 3 (ஆறு). பார்டோக், சூட் ஓபஸ் 14 (ஒன்பது). டெபுசியின் முதல் தொகுதியிலிருந்து இரண்டு ப்ரெல்யூட்கள் (ஐந்து). ராக்மனினோவ், ஜி ஷார்ப் மைனர் ஓபஸ் 32 எண் 12, ஜி மைனர் ஓபஸ் 23 எண் 5 (ஆறரை). மொத்தம் முப்பத்து நான்கரை.

பாதுகாப்பானது என்று நினைத்துத்தான் இதை எடுக்கிறார்கள். ஒன்று சொதப்பினால் அடுத்ததில் மீளலாம் அல்லவா! அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலையைக் கணக்கிடுவதில்லை. பார்டோக் சூட்டின் நான்கு மூவ்மென்டையும் சேர்த்தால் இந்த நிரலில் பதினொரு தொடக்கங்கள். ஒவ்வொன்றிலும் புதிய வேகம், புதிய தொடுகை, புதிய மனநிலை, அதுவும் முதல் பாரிலேயே. ரெசிட்டலில் அதிகம் தவறும் இடங்கள் தொடக்கங்கள்தான். இடைவெளிகளையும் மறக்க வேண்டாம். எட்டு தனி உருப்படிக்கு நடுவே ஏழு இடைவெளி, தலைக்கு 15 விநாடி என்றாலும் ஒண்ணேமுக்கால் நிமிடம்.

ஸ்வர வண்ணத்திலும் மைனர் பக்கமே சாய்கிறது. பார்டோக்கை இறுதியில் வைக்கவும் முடியாது. அந்த சூட் மூன்றாம் மூவ்மென்டின் வெறியோட்டத்துக்குப் பிறகு மெதுவான, அடங்கிய சொஸ்தெனூத்தோவில் முடிகிறது. அந்த அமைதிக்குப் பிறகு ஷூபர்டை விட டெபுசியே பொருந்தும்.

கே. 141 இந்த நிரலின் இன்னொரு கண்ணி. அது முழுக்க ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும் டொக்காட்டா. கிராண்ட் பியானோவில் கீ முழுதாக மேலே வராமலே ஹேமர் மறுபடி அடிக்கத் தயாராகிவிடும். அப்ரைட்டில் அந்த இரட்டை எஸ்கேப்மென்ட் அமைப்பு கிடையாது. கீயைப் பெரும்பாலும் முழுதாக விட்டால்தான் அடுத்த அடி ஒலிக்கும். தேர்வு அறையில் அப்ரைட் இருக்கும் என்றால் இந்த சொனாட்டாவை வைப்பது சூதாட்டம். கே. 27 மட்டும் போதும்.

என்றாலும், இந்த வகை நிரல் சிலருக்குப் பொருந்தும். கை சின்னதாக இருப்பவர், வேலைக்கு நடுவே தினம் ஒரு மணி நேரம் மட்டும் பயிற்சி செய்ய முடிந்தவர், நீண்ட சொனாட்டாவில் கவனம் சிதறுவதைத் தானே அறிந்தவர். அவர்களுக்கும் ஒரு திருத்தம்: சிறு உருப்படிகளில் இரண்டை எடுத்துவிட்டு, பத்து நிமிட அளவிலான ஒரு முழு சொனாட்டாவைப் போடுங்கள். ஹைடனின் டி மேஜர், ஹோபோகன் (ஹைடன் படைப்புப் பட்டியல்) 16:37 அதற்கென்றே எழுதியது போல இருக்கும்.

நான்காம் நிரல்: மூன்று நடுத்தரம்

ஹைடன், ஈ மைனர் சொனாட்டா, ஹோபோகன் 16:34 (11). ஷோபான், பேலட் எண் 3, ஏ ஃபிளாட் மேஜர், ஓபஸ் 47 (ஏழரை). டெபுசி, ‘எஸ்தாம்ப்’, 1903, மூன்றும் (பதினான்கரை). மொத்தம் 33, இடைவெளியோடு முப்பத்து நான்கரை.

பெரும்பாலோருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். மூன்றே படைப்பு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே மாறுதல் இருக்கிறது. ஈ மைனரில் தொடங்கும் நிரல், ‘எஸ்தாம்ப்’பின் கடைசிப் பகுதியான மழைத் தோட்டத்தில் மறுபடி ஈ மைனரைத் தொட்டு ஈ மேஜரில் முடிகிறது. நிரல் குறிப்பு எழுத வேண்டிய தேர்வில் அமைப்பை விளக்க இது ஒன்றே போதும். திட்டமிட்டுச் செய்தது என்பது வெளிப்படையாகத் தெரியும்.

ஹைடனில் முதல் மூவ்மென்ட் பிரெஸ்டோ. இடக்கை மெல்லக் கேட்க வலக்கை பதில் சொல்லும் தொடக்கம், எனவே குளிர்ந்த விரலுக்கும் தாங்கும். வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது பின்னால் வரும் செமிக்வேவர்கள். அடாஜியோ முடியாமலே அந்தரத்தில் நின்று கடைசி மூவ்மென்டுக்குள் போகிறது. அங்கே கையை மடியில் வைத்து மூச்சு வாங்கினால் ஹைடன் செய்த வேலை வீண். இந்த சொனாட்டாதான் நிரலின் இழுப்புப் பெட்டியும்கூட. முதல் மூவ்மென்டின் இரண்டாம் பாதி ரிப்பீட்டைச் சேர்த்தால் இரண்டு நிமிடம் வரை கூடும், எடுத்தால் குறையும்.

பேலட்டில் பலரும் பயிற்சியைக் கடைசிப் பக்கத்தில் கொட்டுகிறார்கள். உண்மையில் விழும் இடம் அதற்குச் சற்று முன்னால், சி ஷார்ப் மைனருக்குள் நுழைந்து இடக்கை செமிக்வேவராக உருளும் பகுதி. வலக்கைப் பாட்டின் மேல் கவனம் போக, இடக்கை சத்தமாகி, பத்து பாருக்குள் எல்லாச் சக்தியும் செலவாகிவிடும். இடக்கையை மட்டும் மெல்லிய ஒலியில், எழுதிய வேகத்தில், மூன்று முறை பிசகாமல் வாசிக்க முடிந்த பிறகே வலக்கையைச் சேருங்கள்.

பேலட்டுக்குப் பிறகு ‘எஸ்தாம்ப்’பின் முதல் பகுதியான ‘பகோட்’ வருவது தற்செயல் இல்லை. முன்கை ஓய்வெடுக்கிறது, காதும் ஓய்வெடுக்கிறது. இங்கே குறை வேறு: எல்லாமே மெல்லியது என்று நினைத்து ஒரே மங்கலாக வாசிப்பது. அடியில் காங் போல நீளும் ஒலி, நடுவில் நகரும் குரல், மேலே மணியோசை. மூன்று அடுக்கும் மூன்று அளவில் கேட்க வேண்டும்.

இந்த நிரலில் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. குரல்கள் பின்னும் எழுத்து ஏறக்குறைய இல்லை. பட்டியலோ உங்கள் ஆசிரியரோ அதை வற்புறுத்தினால் பேலட்டை எடுத்துவிட்டு ஓபஸ் 118 எண் 2 பிராம்ஸை வையுங்கள். உள்குரல் வேலை நிறைய, உடலுக்கும் இலகு. அப்போது மொத்தம் முப்பத்தொன்றரைதான் வரும். ஹைடனில் இரண்டாம் ரிப்பீட்டைச் சேர்த்து வரம்புக்குள் கொண்டுவரலாம். 30 நிமிடத் தேர்வுக்கு என்றால் பேலட்டின் இடத்தில் பிராம்ஸின் அதே தொகுதியிலுள்ள எண் 3, ஜி மைனர் பேலட் (மூன்றரை நிமிடம்) போட்டால் மொத்தம் 29.

நேரத்தைக் கணக்கிடும் விதம்

ரெக்கார்டிங்கின் நேரத்தைக் கூட்டி நிரல் போடாதீர்கள். மெதுவான மூவ்மென்டில் மாணவர்கள் பெரும்பாலும் ரெக்கார்டிங்கை விட மெதுவாகவும், பதற்றத்தில் வேகமான மூவ்மென்டை இன்னும் வேகமாகவும் வாசிப்பார்கள். ஒரே வாரத்தில் மூன்று நாள், முழு நிரலையும் நிற்காமல் வாசித்து, எழுந்து வணங்குவது வரை ரெக்கார்ட் செய்யுங்கள். மூன்றில் நீளமானதையும் குட்டையானதையும் எடுத்துக்கொண்டு இரண்டுமே வரம்புக்குள் வருகின்றனவா என்று பாருங்கள். சராசரி உதவாது. இரண்டு பக்கமும் ஒரு நிமிடமாவது இடம் இருக்க வேண்டும்.

அப்ரைட் விஷயம் டெபுசியையும் பாதிக்கும். கிராண்டில் இடப் பெடல் கீபோர்டையே நகர்த்தி ஒலியின் நிறத்தை மாற்றுகிறது. அப்ரைட்டில் அது ஹேமர்களைக் கம்பிக்குச் சற்று அருகே கொண்டுபோவதோடு சரி. ஒலி குறையும், நிறம் மாறாது, கீயின் மேல்பகுதியில் ஒரு வெற்று அசைவும் தோன்றும். அப்ரைட்டில் வாசிக்கப் போகிறவர் ‘பகோட்’டின் மெல்லிய அடுக்குகளை விரலாலேயே செய்யப் பழக வேண்டும்.

பத்து மாதம் கையிலிருந்தால், முதல் மாதமே எல்லா உருப்படியையும் தொடங்குங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் கடினமான ஒரு பக்கத்தை மட்டும். பேலட்டின் சி ஷார்ப் மைனர் பகுதி, மழைத் தோட்டத்தின் ஓட்டம், ஹைடனின் வேகமான செமிக்வேவர்கள். ஒரு உருப்படி உங்களுக்கு ஒத்துவராது என்பது மூன்றாம் மாதத்தில் தெரிந்தால் மாற்றலாம், ஏழாம் மாதத்தில் தெரிந்தால் மாற்ற முடியாது. ஆறாம் மாதத்துக்குள் எல்லா நோட்டும் கைக்குள் வர வேண்டும். கடைசி மூன்று மாதம் வாரம் ஒரு முறை முழு நிரல். கடைசி மூன்று வாரத்தில் தேர்வு நடக்கும் அதே நேரத்தில், விரல் சூடேற்றாமல், நேரடியாக உட்கார்ந்து தொடங்குங்கள். நிரலின் வரிசை தப்பாக இருந்தால் இந்த ஒத்திகையில்தான் பல்லிளிக்கும்.

பிரதி பார்த்து வாசிப்பதாக இருந்தால் பக்கம் திருப்பும் இடங்களையும் நிரல் முடிவான அன்றே குறித்துவிடுங்கள். மழைத் தோட்டத்தில் இரு கையும் ஓயாது ஓடுகின்றன, பக்கம் திருப்பக் கை கிடைக்காது. திருப்புபவரை அனுமதிக்கும் தேர்வா என்று பாருங்கள். அனுமதி இல்லையென்றால், திருப்பலுக்கு முன்னும் பின்னும் உள்ள நான்கு நான்கு பார்களை மனப்பாடம் செய்து, திருப்பலைக் கை ஓயும் இடத்துக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும்.